பாவு நீட்டிய தெரு

மார்கழி 18

ஆரணியைக் காதால் கேட்க வேண்டுமானால் விடிவதற்குள் கிளம்பிவிட வேண்டும். ஏழு மணிக்கு மேல் நெல் லாரிகளும் பேருந்துகளும் சாலையை எடுத்துக்கொள்ளும். இன்று ஐந்தரைக்கெல்லாம் சேவூரைத் தாண்டிவிட்டேன். பனியில் முன்விளக்கு வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகவில்லை. இருட்டில் எங்கோ ஒரு வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. மிதிபலகை ஒரு தட்டு, நாடா ஓடுகிற ஓசை, அச்சு வந்து மோதுகிற இன்னொரு தட்டு.

ஒண்ணுபுரம் சேரும்போது வெளுத்துவிட்டது. தெரு திரும்பியதும் பிரேக்கை அழுத்திப் பிடித்தேன். எதிரே பாவு நீட்டியிருந்தார்கள். அரக்கு நிறப் பட்டு, கிட்டத்தட்ட பதினெட்டு மீட்டர். மூன்று சேலைக்கான இழை. கஞ்சி தோய்த்து, இழை பிரித்து, அறுந்ததை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டியாக வேண்டும். ஒரு பெரியவர் கையை உயர்த்தினார்.

"எறங்கி ஓரமா வா தம்பி. அறுந்தா முடிஞ்சிக்கலாம். சிக்குனா இன்னைக்குப் பொழுது போச்சு."

தள்ளிக்கொண்டே நடந்தேன். 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்தில் முடிக்க வேண்டிய பிரவே என்ற நெடுந்தூரச் சைக்கிள் சவாரிக்காகத்தான் இந்தப் பயிற்சி. சராசரி வேகம் எவ்வளவு என்பதைத்தான் ஒரு மாதமாகப் பார்த்துவருகிறேன். அந்தத் தெருவைக் கடக்க ஆறு நிமிடம் ஆனது. இந்த மாதத்தில் நன்றாக நினைவிருப்பது அந்த ஆறு நிமிடம்தான்.

மார்கழி 24

களம்பூர் வழியாகத் திருமலை. போகவர நாற்பது கிலோமீட்டருக்குள்தான் வரும். பெரும்பாலும் சமதரை, புதிதாக ஓட்டுகிறவருக்கும் சொல்லலாம். ரயிலில் சைக்கிளோடு வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். விழுப்புரம்-காட்பாடி பாதையில் 'ஆரணி ரோடு' என்று பலகை வைத்த நிலையம் இருப்பது களம்பூரில். அங்கிருந்து ஆரணிக்கு மிதித்தே வரலாம், வழியெல்லாம் நெல்வயல்.

திருமலையில் சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு வெறுங்காலோடு ஏறினேன். மார்கழிக் குளிரில் பாறை பாதத்தைச் சுட்டது என்றே சொல்ல வேண்டும். பாறையிலேயே செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர் நேமிநாதர் பதினாறடி உயரம் நிற்கிறார். ராஜராஜனின் அக்கா குந்தவை பெயரால் இங்கே ஒரு சினாலயம் இருக்கிறது. ராஜேந்திரனின் படை கங்கைவரை போய்வந்த செய்தியும் இதே மலையில் கல்வெட்டாக நிற்கிறது. அவ்வளவு தூரம் போன படையின் கணக்கை இந்தச் சின்ன மலையில் எழுதிவைத்திருக்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் ஏரிகள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. எந்த ஏரிக்கரையில் வண்டி போகும், எதில் போகாது என்று அங்கேயே நின்று பார்த்து வைத்துக்கொண்டேன்.

தை 5

தேவிகாபுரம். அறுவடை ஆரம்பித்துவிட்டது. தார்ச்சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காய்கிறது. அதன்மேல் டயர் ஏறினால் வழுக்கும், ஏற்றவும் கூடாது, அது ஒருவருடைய அரை வருஷ உழைப்பு. எதிரே வண்டி வந்தால் காலை ஊன்றி நின்றுவிடுவதே நல்லது.

ஊருக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது பின்சக்கரத்தில் காற்று இறங்கியது. சீமைக்கருவேல முள். இந்தப் பக்கம் ஓட்டுகிறவர்கள் மெலிந்த டயரை விட்டுவிட்டு 32 மில்லிமீட்டராவது போட்டுக்கொள்ள வேண்டும். பஞ்சர் கடைக்காரர் ட்யூபைப் பார்த்துத் தயங்கினார். அவருடைய பம்ப் பிரஸ்டா வால்வில் பொருந்தாது. என் பையிலிருந்த சின்னப் பித்தளைத் திருகியை மாட்டிக் காட்டியதும் சிரித்துக்கொண்டே வேலையை ஆரம்பித்தார்.

அந்த நேரத்தில்தான் பக்கத்துத் திண்ணையைக் கவனித்தேன். ஒரு ஆயா தார் சுற்றிக்கொண்டிருந்தார். ராட்டையின் பெரிய சக்கரம் சைக்கிள் ரிம். துரு ஏறி, இரண்டு கம்பி போய், சுற்றும்போது ஒருபக்கம் ஆடியது. ரிம்மின் பள்ளத்தில் கயிறு ஓடுகிறது, மறுமுனையில் கதிர் சுழல்கிறது, ஊடை நூல் தாரில் ஏறுகிறது. சக்கரம் ஆடும்போதெல்லாம் கயிறு நழுவியது. அவர் கையை நிறுத்தாமலே அதை எடுத்து மாட்டினார்.

"எத்தனை தறி ஆயா வீட்டுல?"

"மூணு இருந்துச்சு. இப்ப ஒண்ணு. புள்ளைங்க செய்யாறு பக்கம் கம்பெனி பஸ்ல போயிடுதுங்க."

அதைக் குறையாகச் சொல்லவில்லை, இருப்பதைச் சொன்னார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. திரும்பி வரும் வழியில் தெருத் தெருவாகக் காது கொடுத்துக்கொண்டே வந்தேன். விசைத்தறிச் சத்தத்தில் இடைவெளி இருக்காது, கைத்தறிச் சத்தத்துக்கு மூச்சு உண்டு. வேகம் இருபதுக்குக் கீழே இருந்தால்தான் இரண்டும் பிரிந்து கேட்கும். காரில் போகிறவருக்கு இரண்டுமே கேட்காது. கரை வைத்த சேலையைக் கைத்தறிக்கென்று ஒதுக்கிய சட்டம் 1985இல் வந்தது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. அவை உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்க இந்தத் தெருக்களில் மெதுவாக மிதித்துப் போவதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

தை 11

சந்தவாசல், படவேடு, செண்பகத்தோப்பு. மேற்கே போகப் போக ஜவ்வாது மலை எழுந்து வருகிறது. கடைசிப் பகுதியில் சின்னக் கியருக்கு வந்துவிட்டேன். படவேட்டில் ரேணுகாம்பாளைக் கும்பிட்டுவிட்டு அணைக்குப் போனேன். கமண்டல நதி இந்த மலையிலிருந்து கிளம்பி, வழியில் நாகநதியைச் சேர்த்துக்கொண்டு, ஆரணியைத் தொட்டுக்கொண்டு செய்யாற்றில் கலக்கிறது. படவேடு ஒரு காலத்தில் சம்புவராயர்களின் தலைநகரம். இன்று வாழைத்தோப்புகளுக்கு நடுவே கோயில்கள் நிற்கின்றன.

திரும்பும்போது எதிர்காற்று. ஆரணிக் கோட்டைப் பக்கம் வந்ததும் இறங்கித் தண்ணீர் குடித்தேன். 1751 டிசம்பரில் கிளைவின் படையும் ரஸா சாகிப்பின் படையும் ஆரணியில்தான் மோதின. இன்று மைதானத்தில் பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து பின்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். பிரேக் கட்டை தேய்த்துத் தேய்த்து ரிம்மின் பக்கச்சுவர் உள்ளே குழிந்திருக்கிறது. நகத்தை வைத்தால் தெரிகிறது. காற்றழுத்தத்தில் ஒருநாள் வெடித்துவிடும். இனி சாலைக்கு ஆகாது. ஆனால் சக்கரத்தில் ஆட்டம் துளியும் இல்லை.

தை 20

தோளில் சக்கரத்தை மாட்டிக்கொண்டு தேவிகாபுரம் போனேன். நம் ஊர்ப் பழைய இருபத்தெட்டு இன்ச் ரிம்முக்கு டயர் உட்காரும் விட்டம் 635 மில்லிமீட்டர், என்னுடையது 622. பொருந்துமா என்ற யோசனை வழியெல்லாம் இருந்தது. பஞ்சர் கடைக்காரர் அச்சைக் கழற்றி, ராட்டையின் தண்டுக்கு ஏற்றபடி ஒரு குழாய்த் துண்டைச் செருகினார். கயிற்றைக் கொஞ்சம் குறைத்துக் கட்டினார். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. காசு வாங்கவில்லை.

ஆயா முதலில் சக்கரத்தை வெறுமனே சுழற்றிவிட்டு, ரிம் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்துப் பார்த்தார். நான் ஆட்டம் பார்ப்பது போலவேதான்.

"லேசா இருக்குதே கண்ணு. இரும்பு இல்லியா?"

"அலுமினியம் ஆயா."

"நின்னுடப் போவுது."

நிற்கவில்லை. கையை எடுத்த பிறகும் வெகுநேரம் சுற்றியது. அவர் மயில்கழுத்து நிற நூலை எடுத்துக் கதிரில் ஒரு சுற்றுச் சுற்றினார். உள்ளே தறியில் இருந்தவர் தார் தீர்ந்துவிட்டது என்று குரல் கொடுத்தார்.