குமுட்டி வாங்கிய கதை

ஒரு குமுட்டி அடுப்பு வாங்குவதற்கு மூன்று வாரம் யோசித்தேன் என்று சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். "பெண்ணுக்கு வரன் பார்த்தபோதுகூட நீங்கள் இவ்வளவு யோசிக்கவில்லை" என்கிறாள் என் மனைவி. வாஸ்தவந்தான். அப்போது யோசிப்பதற்கு வீட்டில் பத்துப் பேர் இருந்தார்கள். இதில் நான் தனி.

எங்கள் வீட்டில் எரிவாயு அடுப்பு இருக்கிறது. மின்சார அடுப்பும் இருக்கிறது. இருந்தாலும் கொல்லையில், கிணற்றடிக்குப் பக்கத்தில், என் தாயாருக்கென்று ஒரு குமுட்டி உண்டு. அம்மாவுக்கு 83 வயது. சமையலறை மருமகள் கைக்குப் போய் 20 வருஷம் ஆகிறது. அதைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் குமுட்டியை மட்டும் யாருக்கும் விட்டுக் கொடுக்கவில்லை. அப்பளம் சுடுவது, கத்தரிக்காய் சுடுவது, சுக்குக் கஷாயம் வைப்பது எல்லாம் அங்கேதான். "காஸில் சுட்டால் தோல் கருகும்; கரியில் சுட்டால்தான் உள்ளே வேகும்" என்பது அவள் கட்சி. சாப்பிட்டுப் பார்த்தவர்கள் எதிர்க்கட்சியில் சேரமாட்டார்கள்.

பழைய குமுட்டி தகரத்தில் செய்தது. வாளி மாதிரி இருக்கும். உள்ளே களிமண் பூச்சு, நடுவில் சல்லடை, கீழே காற்றுப் போக ஒரு வாய், மேலே தூக்குவதற்குக் கம்பிப் பிடி. அடியில் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. புதிதாக ஒன்று வாங்கவேண்டும். இதற்கு மூன்று வாரம் எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் அந்தக் கம்பிப் பிடிதான்.

போன ஐப்பசியில் ஒரு நாள் விடாத அடைமழை. மின்சாரம் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் குடைச்சல். கஷாயம் வைத்து முடித்த குமுட்டியில் கங்கு நீறு பூத்துக் கிடந்தது. அதை வீணாக்குவானேன் என்று பிடியைப் பிடித்துத் தூக்கித் தன் அறைக்குக் கொண்டுபோய்க் கட்டிலடியில் வைத்துக் கொண்டிருக்கிறாள். சாரல் அடிக்கிறதென்று ஜன்னலையும் கதவையும் சாத்தியாயிற்று. நான் முன்கூடத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒரு கதைக்கு முடிவு எழுதிக் கொண்டிருந்தேன். ஒன்பது மணிக்குப் பால் கொடுக்கப் போன என் மனைவி போட்ட சத்தத்தில் பேனாவைப் போட்டுவிட்டு ஓடினேன். அம்மா சுவரில் சாய்ந்து கிடந்தாள். கூப்பிட்டால் பதில் குழறியது. தலை வலிக்கிறது என்பது மட்டும் புரிந்தது. தாழ்வாரத்துக்குத் தூக்கி வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய், இரவு முழுவதும் பிராணவாயு வைத்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் எதுவும் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர்.

கரியில் புகை கிடையாது, ஆகையால் கெடுதலும் கிடையாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். காற்றை ஒடுக்கி விறகை மூட்டம் போடும்போதே ஈரமும் புகையும் போய்விடுகின்றன. அதனால்தான் கரி கண்ணைக் கரிக்காமல் எரிகிறது. ஆனால் அடுக்கின் அடியில் உண்டாகும் கரிவாயு, மேலேயுள்ள தணலின் வழியாக ஏறும்போது கார்பன் மோனாக்ஸைடாக மாறுகிறது. தணலின் மேல் விளையாடும் நீல ஜ்வாலை அந்த வாயு எரிவதுதான். ஜ்வாலை அடங்கிக் கங்கு நீறு பூத்த பிறகு, அது எரியாமலே வெளியே வந்துவிடுகிறது. நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் ஒட்டிக் கொள்ளும். அமைதியாகக் கிடக்கும் கங்குதான் ஆபத்தானது. ஐம்பது வயதுக்கு மேல் நான் கற்ற பாடம் இது.

அம்மா பிழைத்து வீடு வந்ததும் குமுட்டி பரணுக்குப் போயிற்று. யாரும் எதுவும் சொல்லவில்லை, ஏற்றிவிட்டோம், அவ்வளவுதான். அதன் பிறகு அம்மா கொல்லைப் பக்கமே போகவில்லை. போட்டதைச் சாப்பிட்டாள். ரசத்தில் உப்புக் குறைந்த அன்றுகூட ஒன்றும் சொல்லவில்லை. குறை சொல்லாத அம்மாவை எனக்குப் பழக்கமில்லை. சொந்த வீட்டில் விருந்தாளி மாதிரி அவள் உட்கார்ந்திருப்பதை ஒரு மாதம் பார்த்தேன். தை பிறந்ததும் குமுட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன். அப்போதுதான் ஓட்டை தெரிந்தது.

சிக்காகோவுக்குப் பக்கத்தில் இருக்கும் என் பிள்ளை தொலைபேசியில் ஒரு யோசனை சொன்னான். அங்கே எல்லார் வீட்டுக் கொல்லையிலும் கரி அடுப்பு உண்டாம். உருண்டையாக, மூடி போட்டு, மூன்று காலில் நிற்கும். 1952-ல் வெபர் சகோதரர்களின் உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், அங்கே மிதவை செய்கிற இரும்புக் கோளத்தை இரண்டாக்கி, கீழ்ப்பாதியை அடுப்பாகவும் மேல்பாதியை மூடியாகவும் வைத்துக்கொண்டாராம். மூடியின் துவாரங்களை அடைத்துவிட்டால் கரி தானே அணைந்து, மிச்சம் மறுநாளைக்கு ஆகும். நாம் தண்ணீர் தெளித்து அணைத்து, வெயிலில் காயவைத்து எடுக்கிறோமே, அதே சிக்கனந்தான். அவர்கள் எரிப்பது பெரும்பாலும் கரி வில்லை. ஹென்றி ஃபோர்டு 1920-களில் மிச்சிகனில் தம் மரப்பட்டறையின் கழிவைக் கரியாக்கித் தூளாக்கி, மாவுப் பசை சேர்த்து அச்சுப்போட்டு விற்றார். எங்கள் பாட்டி கரித்தூளைச் சாணியில் பிசைந்து உருட்டிச் சுவரோரம் காயவைத்ததும் இதே வித்தைதான். அவளிடம் மோட்டார்த் தொழிற்சாலை இல்லை. ஆகையால் பெயர் வரவில்லை.

பிள்ளை சொன்ன அடுப்பு முழுக் கோழியை வாட்டுவதற்கு ஏற்றது. நான்கு கத்தரிக்காய்க்கு அத்தனை பெரிய கோபுரம் எதற்கு? கடைத்தெருவில் இரண்டுதான் மிஞ்சின. ஒன்று பழையபடி தகர வாளி. களிமண் பூசியது, சூடு நிற்கும், கரி கம்மியாகப் பிடிக்கும். மற்றொன்று உடுக்கை மாதிரி இடை சிறுத்த வார்ப்பிரும்புக் குமுட்டி. வெறும் இரும்பாகையால் பாதிச் சூடு வெளியே போய்விடும். கடைக்காரர் தராசில் வைத்தார்: 16 கிலோ. அம்மாவால் அசைக்கக்கூட முடியாது. அதையே வாங்கினேன்.

கிணற்றடியில் தகரக் கூரை போட்டு, செங்கல் மேடை கட்டி, ஆள் வைத்துத் தூக்கி வைத்தேன். "இதுதான் நாள்பட வரும்" என்று அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். சல்லடையை எடுத்துத் தட்டினாள்.

"ஏண்டா, களிமண் பூசினதுதான் சூடு நிக்கும்னு எனக்குத் தெரியாதா? என்னால தூக்க முடியாதுன்னுதானே இதை வாங்கிண்டு வந்திருக்கே?"

நான் பேசாமல் நின்றேன்.

"உள்ளே வைக்கப்படாதுன்னு சொன்னா வைக்க மாட்டேன். எதனால படாதுன்னு ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லலை. பரண்ல தூக்கிப் போட்டுட்டேள்."

உண்மைதான். டாக்டர் என்னிடம் சொன்னார். நான் மனைவியிடம் சொன்னேன், பிள்ளையிடம் சொன்னேன். மூச்சு முட்டியவளிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. மேடையில் உட்கார்ந்து முழுவதையும் விளக்கினேன். அவள் கவனமாகக் கேட்டாள்.

"அதுக்கு வாசனையே கிடையாதா?"

"கிடையாதும்மா."

"பின்னே, முன்கூடத்துல எழுதிண்டிருந்த நோக்கு எப்படித் தெரியும்? அதை நெனச்சு மருகாதே."

நான் மருகிக் கொண்டிருப்பதாக ஒருவரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் களிமண்ணும் உமியும் கொண்டுவரச் சொன்னாள். தானே பிசைந்து, இரும்புக்குள்ளே இரண்டு விரல் கனத்துக்குப் பூசி, மூன்று நாள் காயவிட்டாள். நான்காம் நாள் கற்பூரமும் கொட்டாங்கச்சிச் சில்லும் வைத்துப் பற்றவைத்து, பனை விசிறியால் வீசினாள். இப்போது சூடு நன்றாக நிற்கிறது. அன்று கத்தரிக்காய்த் துவையல். ரசத்தில் உப்பு கம்மி என்றும் சொன்னாள். என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.