மெல்லோட்டங் கற்ற ஓட்டாசான்

பிறர்க்கு உடற்பயிற்சி அளிப்பவன் தன் உடம்பின் நிலையை நன்கறிந்தவனாகவே இருப்பான் என்பது உலகத்தார் துணிபு. அத்துணிபு எவ்வளவு பொருந்தும் என்பதை அமெரிக்க நாட்டு ஆரிகான் மாகாணத்தில் வாழ்ந்த பில் பௌவர்மன் என்பாரது வரலாற்றால் அறியலாம். 1911ஆம் ஆண்டிற் பிறந்த அவர், இரண்டாம் உலகப்போரில் மலைப்படையிற் பணிபுரிந்து மீண்டு, 1948 முதல் 1972 வரை யூஜீன் நகரிலுள்ள ஆரிகான் பல்கலைக்கழகத்தில் ஓட்டாசானாக விளங்கினார். அவர்தம் மாணாக்கர் நால்வர் 1962இல், ஒவ்வொருவரும் ஒரு மைல் ஓடும் தொடரோட்டத்தில், நியூசீலாந்தர் நிறுவியிருந்த உலக எல்லையைக் கடந்து புகழ்பெற்றனர்.

அக்காலத்தே பயிற்சி என்பது இளைஞர்க்குரியது, போட்டிக்குரியது என்பதே பலருடைய எண்ணம். கல்லூரியை விட்டவன் ஓட்டத்தையும் விட்டான். இதயநோய் உற்றவரை வாரக்கணக்கிற் படுக்கையிற் கிடத்துதலே மருத்துவர் பெரும்பாலார் கைக்கொண்ட முறை. 1955இல் அமெரிக்கத் தலைவர் ஐசன்ஹோவர் இதயநோயுற்றபோது, அவரைப் பார்த்த பால் டட்லி வைட் என்னும் மருத்துவர் நோயாளியை நடக்க ஊக்கியது பலர்க்கும் புதுமையாகவே தோன்றிற்று. பௌவர்மனும் தாம் நாள்தோறும் சிறிது தூரம் நடந்தும் ஓடியும் வருவதொன்றே போதுமென அமைந்திருந்தார். வயது ஐம்பதைக் கடந்தது, இடையும் பருத்தது. பிறருடைய கால்களை நொடிக் கணக்கில் அளந்துகொண்டிருந்தவர் தம் கால்களை அளந்திலர்.

1962ஆம் ஆண்டின் இறுதியில் அவர் தம் மாணாக்கருடன் நியூசீலாந்து சென்றார். ஆங்கு ஆக்லந்து நகரில் ஆர்தர் லிடியார்டு என்னும் ஓட்டாசான் இருந்தார். 1960இல் ரோமாபுரி ஒலிம்பிக் பந்தயத்திற் பொற்பதக்கம் பெற்ற சினெல், ஹால்பர்க் என்னும் இருவரையும் பயிற்றியவர் அவரே. வியப்பு யாதெனின், அவர் வெற்றிவீரரை மட்டும் ஓடச் செய்திலர். நடுவயதினரையும் முதியோரையும், இதயநோயுற்றுத் தேறியவரையுங்கூட மெல்ல மெல்ல நெடுந்தூரம் ஓடச் செய்தார். ஒருநாட் காலை அவர் பௌவர்மனையும் தம்முடன் ஓட அழைத்தார். உடன்சென்ற பௌவர்மன் அரைமைல் தூரத்தை இனிதே கடந்தார். பின்னர்க் குன்றேற்றம் வந்தது. மூச்சு முட்டிற்று, கால் தளர்ந்தது, கூட்டம் முன்னே சென்று மறைந்தது. எழுபது வயதைக் கடந்தவரும், இதயநோயின் வாய்ப்பட்டு உயிர்தப்பியவருமான கிழவர் ஒருவர் அவர்பொருட்டுப் பின்தங்கி, இனிது உரையாடிக்கொண்டே உடன் வந்தார். மறுமொழி கூறவும் பௌவர்மனுக்கு மூச்சில்லை. உலக எல்லை கடந்த வீரரின் ஆசான், நோயுற்ற முதியவர் ஒருவரால் வழிகாட்டி அழைத்துவரப்பட்டார். இத்தகைய இழிவைச் சிரித்து மறந்துவிடுவோரே உலகிற் பெரும்பாலார்.

அவர் மறந்திலர். அந்நாட்டில் தங்கிய சில வாரங்களும் அக்கூட்டத்தாருடன் நாள்தோறும் ஓடினார். உடல் இளைத்தது, மூச்சு நீண்டது. 1963இன் தொடக்கத்தில் யூஜீன் திரும்பியவர், ஊர்மக்களைப் பல்கலைக்கழக ஓட்டக்களத்திற்கு வருமாறு அழைத்தார். முதலிற் சிலரே வந்தனர். சில வாரங்களிற் கூட்டம் நூற்றுக்கணக்காயிற்று. அதுகண்டு அவர் மகிழாது அஞ்சினார். என்னை? பல்லாண்டு அசையாதிருந்த உடம்பினர் ஒருவருடன் ஒருவர் முந்தி ஓடப் புகின், எவரேனும் களத்தில் வீழ்ந்து இறக்கவுங் கூடுமன்றோ? அவர்களை வீட்டிற்கனுப்பிவிட்டு, வால்டோ ஹாரிஸ் என்னும் இதயநோய் மருத்துவரை நாடினார். இருவரும் நடுவயதினரைக்கொண்டு ஆய்ந்து படிமுறை வகுத்தனர். 1967இல் வெளிவந்த ‘ஜாகிங்’ என்னும் அவர்தம் நூல் பத்திலக்கத்திற்கு மேற்பட்ட படிகள் விற்றது. அருகில் ஓடுபவருடன் பேசிக்கொண்டே செல்லுமளவே ஓடுக என்பது அவர்கள் கண்ட அளவுகோல். அக்கிழவர் குன்றின்மேற் செய்து காட்டியதும் அதுவே.

இம்மாற்றம் முதியோரளவில் நின்றிலது. கடும்பயிற்சி செய்த நாளை அடுத்து எளிய பயிற்சி நாள் ஒன்று வரவேண்டும், ஓய்வில்தான் தசை வலுப்பெறும் என்பதை அவர் தம் வீரர்க்கும் விடாது வற்புறுத்தினார். அவரிடம் பயின்ற கென்னி மூர் ஓயாது ஓடி ஓடி நோயுற்றவர். அவரைச் சில வாரங்கள் நாளொன்றுக்கு மூன்று மைலுக்கு மேல் ஓடலாகாதெனக் கட்டாயமாக நிறுத்தினார் ஆசான். சினந்துகொண்டே அடங்கிய மாணாக்கர், அதன்பின் முன்னினும் மிக விரைந்து ஓடினார். 1972இல் மியூனிக் ஒலிம்பிக் நெடுவோட்டத்தில் நான்காமிடம் பெற்றார். பின்னாளில் ஆசானது வரலாற்றை எழுதியவரும் அவரே.

இனிக் கூறவேண்டுவது துன்பந் தருவது. ஓடுவோர் காலுக்கு இலகுவான மிதியடி வேண்டுமென்னும் வேட்கை அவரை விட்டிலது. தம் பழைய மாணாக்கர் பில் நைட்டுடன் 1964இல் தொடங்கிய சிறு வணிகமே பின்னர் நைக்கி எனப் பெயர்பெற்றது. மனைவியார் மாவூற்றிக் கட்டங்கட்டமாக வாஃபிள் சுடும் இரும்பச்சிற் செயற்கைப் பிசினை வார்த்து, அவர் புதுவகை அடித்தோல் கண்ட கதை பலரும் அறிந்தது; இரும்பச்சு பாழான கதையை மனைவியாரே நன்கறிவர். அச்சிறு பட்டறையிற் காற்றோட்டம் இல்லை. பசையும் கரைப்பானும் நாளெல்லாம் மணந்தன. இத்தகைய கரைப்பான்களுள் சில உடம்பினுட் புகுந்து நரம்பைக் கெடுப்பன. நீண்ட நரம்பே முதற்கண் தாக்குண்ணுமாதலின், கேடு பாதத்திலுங் கணைக்காலிலும் தொடங்கும். பௌவர்மனுக்கும் கீழ்க்கால் நரம்புகள் கெட்டன. வாரத்திற்கு இத்துணை நாழிகை, இத்துணை மைல் என்று ஓட்டத்தை அளந்து வகுத்தவர், தாம் நாள்தோறும் உள்ளிழுத்த காற்றை எண்ணிலர். உடல்நலம் பயிற்சியால் மட்டும் அமைவதன்று, பணிசெய்யும் அறையும் சுவாசிக்குங் காற்றும் அதனுட் சேரும் என்பதை அவர் கால்களே அவர்க்கு உணர்த்தின.

உலகெங்கணும் மக்கள் அவர் வகுத்த மிதியடிகளை அணிந்து காலைதோறும் மெல்லோட்டம் ஓடினர். அவற்றை அணிந்து ஓட அவரால் இயலவில்லை, நடையும் இடர்ப்பாடாயிற்று. 1999ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள், ஆரிகானில் பாசில் என்னும் சிற்றூரில், தமது 88ஆம் வயதில் அவர் உயிர் நீத்தார்.