கழகம் மாறியவர்கள்

உதைபந்தாட்டத்தில் வீரர்கள் கழகம் மாறுவது புதுமையன்று. எனினும், ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துச் செல்ரிக், ரேஞ்சர்ஸ் ஆகிய இரு கழகங்களுக்கும் ஆடியோரை நினைக்குந்தோறும், துரோகம் என்று நாம் எதனைச் சொல்கிறோம் என்ற வினா என்னுள் எழுகிறது.

ஐரிஷ் கத்தோலிக்க ஏழைகளின் பசி போக்க நிதி திரட்டும் நோக்குடன் 1887 இல் தோன்றியது செல்ரிக். 1872 இல் பிறந்த ரேஞ்சர்ஸ், காலப்போக்கில் புரட்டஸ்தாந்தரின் கழகமாயிற்று. செல்ரிக் புரட்டஸ்தாந்தரையும் சேர்த்துக்கொண்டது. ரேஞ்சர்ஸோ பல தசாப்தங்களாகக் கத்தோலிக்கரைத் தவிர்த்தே வந்தது. அல்பி கொன் ஸ்கொட்டிஷ் கிண்ணத்தை 1973 இல் ரேஞ்சர்ஸுக்காகவும், 1977 இல் செல்ரிக்குக்காகவும் வென்றார். இரு இறுதியாட்டங்களிலும் எதிரணி அவரது மற்றைய கழகமே.

கத்தோலிக்கரான மோ ஜோன்ஸ்ரன், தமது பழைய கழகமாகிய செல்ரிக்குக்குத் திரும்புவதாக 1989 மே மாதத்தில் அறிவித்தார். யூலையில் ரேஞ்சர்ஸில் சேர்ந்தார். செல்ரிக் அபிமானிகள் அவரைத் துரோகி என்றனர். ரேஞ்சர்ஸ் அபிமானிகள் சிலர் தம் கழகத்தின் கழுத்துத்துண்டுகளையே எரித்தனர்.

இவ்விரு சினங்களையும் நான் ஒன்றாக எண்ணேன். முன்னது வாக்கு முறிந்ததால் எழுந்தது, அதில் நியாயமுண்டு. பின்னது அவரது பிறப்பின்மீது எழுந்தது; அதற்கு அவர் எவ்வாறு பொறுப்பாவார்?

அவ்வாண்டு நவம்பரில், செல்ரிக்குக்கு எதிராக ஆட்டத்தின் இறுதி நிமிடங்களில் அவர் அடித்த ஒரே கோல் ரேஞ்சர்ஸை வெல்லச் செய்தது. ஆயினும், கோல் அடித்ததற்காகப் பொறுத்துக்கொள்ளப்படுவது சமத்துவமாகாது. 1998 இல் கத்தோலிக்கரான இத்தாலியர் அமொருசோ ரேஞ்சர்ஸின் தலைவரானார். ஜோன்ஸ்ரன் கடந்த எல்லையின் பயனை அங்கேதான் நான் காண்கிறேன்.