குண்டசாலையிற் சுவைத்த கித்துள் பாணி

கண்டி மாநகருக்கு வருவோர் தலதா மாளிகையையும் பேராதனைப் பூங்காவையும் கண்டு களித்து ஊர் திரும்பிவிடுவர். தென்னக்கும்புரப் பாலத்தால் மகாவலி கங்கையைக் கடந்து கிழக்கே சென்றால், குண்டசாலை என்னும் எழில்மிகு ஊர் நம்மை வரவேற்கும். 1707 முதல் 1739 வரை கண்டியை ஆண்ட நரேந்திரசிங்க மன்னன் இங்கே மாளிகை அமைத்து வாழ்ந்தமையால் 'குண்டசாலை மன்னன்' எனப் பெயர் பெற்றான்.

சென்ற விடுமுறையில் குடும்பத்துடன் அவ்வழியே சென்ற நாம், களைப்பாற ஒரு சிறு கடையில் அமர்ந்தோம். ஐஸ்கிறீமின்மேல் கரமல் வேண்டுமென்றாள் இளைய மகள். கடைக்காரரோ புன்முறுவலுடன் கருஞ்செந்நிறப் பாணியொன்றை ஊற்றிக் கொடுத்தார். ஒரு கரண்டி உண்டவள், "அப்பா, இது கரமலிலும் நல்லது!" என்றாள். அதுவே கித்துள் பாணி.

கரமல் என்பது சீனியை ஏறத்தாழ 160 பாகை செல்சியசுக்கு மேல் உருக்கிச் சிவக்க வைத்து, வெண்ணெயும் பாலேடும் சேர்த்து ஆக்கும் மேனாட்டுப் பாகு. கித்துள் பாணியோ மரம் தரும் செல்வம். தமிழிற் கூந்தற்பனை எனப்படும் கித்துள் மரத்தின் பாளையைச் சீவி, வடியும் பதநீரை முட்டியில் ஏந்துவர். அது புளித்துக் கள்ளாகாதபடி முட்டியினுள் மரப்பட்டைத் துண்டுகளை இடுவதும் உண்டு. இறக்கிய பதநீரைத் தாமதியாது அடுப்பேற்றி, நீர் சுண்டும்வரை காய்ச்சினால் பாணி. மேலும் இறுகக் காய்ச்சி வார்த்தால் கருப்பட்டி. எருமைத் தயிருக்குப் பாணியும், வட்டிலப்பத்துக்குக் கருப்பட்டியும் இந்நாட்டில் இணைபிரியாத் துணைகள்.

வீட்டுக்கும் ஒரு போத்தல் வாங்க எண்ணி விலை கேட்டோம்.

"இவ்வளவு விலையா?" என்றோம்.

"குறைந்த விலையிலும் கிடைக்கும், ஐயா. அது சீனிப்பாகு கலந்தது. இதற்காக என் தம்பி காலையும் மாலையும் மரம் ஏறுகிறான். அவன் பிள்ளைகள் ஏற விரும்பவில்லை" என்றார் கடைக்காரர் அமைதியாக.

நாம் நாணினோம். உயர்ந்த மரத்தின் உச்சியில், மழையில் வழுக்கும் தண்டைப் பற்றி நிற்கும் ஒருவரின் உயிருக்கன்றோ பேரம் பேச முனைந்தோம்! மறுசொல்லின்றிக் கேட்ட விலையைக் கொடுத்தோம்.

மன்னனின் மாளிகை அழிந்துபோயிற்று. மரமேறும் கைகளும் மறைந்தால் இந்த இன்சுவையும் கதையாகிவிடும். குண்டசாலைப் பக்கம் செல்லும் அன்பர்களே, கலப்பற்ற பாணியைக் கேட்டு வாங்குங்கள். அதற்குரிய விலையையும் மனமுவந்து கொடுங்கள்.