மூன்று கிலோ

இந்தக் கேமராவில் ஷட்டர் சத்தம் வேண்டாம் என்றால் மெனுவுக்குள் போய் அணைத்துவிடலாம். அணைக்காவிட்டாலும் கேட்பது ஒரு சின்ன ஸ்பீக்கர் போடுகிற சத்தம்தான். கைக்கு வந்த அன்றே அணைத்துவிட்டேன். "ஏன் தாத்தா, சத்தம் நல்லாத்தானே இருந்துச்சு?" என்றான் பேரன். நல்லாத்தான் இருந்தது.

பழைய டி3-இல் அதை அணைக்க வழி கிடையாது. விரலை அழுத்தினால் உள்ளே கண்ணாடி எழும்ப வேண்டும், திரை திறந்து மூட வேண்டும், கண்ணாடி மறுபடி இறங்க வேண்டும். அத்தனையும் நடந்து முடிகிற சத்தம் அது. சடக். காதுக்கு மட்டும் கேட்பதல்ல. உள்ளங்கையிலும் கன்னத்து எலும்பிலும் வந்து தட்டும். வினாடிக்கு ஒன்பது படம் என்று விட்டுவிட்டால், தாலி கட்டுகிற நேரத்தில் ஐயரே ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பார். கல்யாண வீடுகளில் அந்தச் சத்தத்துக்காக நான் வாங்கிய திட்டு கொஞ்சமல்ல. இன்று அந்தத் திட்டுக்கும் சேர்த்து மனசு ஏங்குகிறது என்றால் சிரிக்காதீர்கள். உங்களுக்கும் அப்படி ஒரு சத்தம் இருக்கும்.

பாளையங்கோட்டையில் ஸ்டூடியோ வைத்திருந்தேன். நிக்கான் டி3 வெளிவந்தது 2007-இல். அந்தக் கம்பெனியின் முதல் முழு ஃபிரேம் டிஜிட்டல் பாடி. அது வந்த புதிதில் எங்களைப் போன்றவர்கள் விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பி வந்தோம். சில வருஷம் கழித்து, பிரஸ்காரர் ஒருவர் கை மாற்றிவிட்டபோதுதான் எனக்குக் கிடைத்தது. 12 மெகாபிக்சல்தான். வீடியோ எடுக்காது. சென்சாரைத் தானே உதறிச் சுத்தம் செய்துகொள்கிற வசதியும் கிடையாது. ஆனால் ஐஎஸ்ஓ 6400 வரை போனாலும் முகம் முகமாக இருக்கும். டியூப்லைட் பாதி எரிந்து பாதி எரியாத மண்டபங்களில் வேலை பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

வாங்கியது கல்யாணத்துக்கு. சோறு போட்டதும் கல்யாணம்தான். மார்கழியில் முகூர்த்தம் கிடையாதே. ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் போட்டோவுக்கு வருகிறவர்களைத் தவிர ஆள் வராது. அந்த ஒரு மாதம் கேமரா எனக்கே எனக்கு.

விடிவதற்கு முன்னால் எழுந்து, கோயில் குழாய் ரேடியோவில் திருப்பாவை ஆரம்பிப்பதற்குள் வண்டியை எடுத்துவிடுவேன். பெட்ரோல் டேங்க் மேல் பை. பைக்குள் டி3, 300 எம்எம் எஃப் 4 லென்ஸ், அதோடு சேர்க்க ஒரு 1.4 கன்வர்ட்டர். பாடி 1,240 கிராம், லென்ஸ் 1,440, கன்வர்ட்டர் 200, பேட்டரி தனி. ஆக மூன்று கிலோ. பாளையங்கோட்டையைத் தாண்டியதும் பனி. மூலைக்கரைப்பட்டியில் ஒரு டீ. கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, விரல் சூடேறி ஷட்டரை அழுத்துகிற பதத்துக்கு வரும்வரை நிற்பேன். அப்புறம் கூந்தன்குளம்.

போயிருக்கிறீர்களா? சரணாலயம் என்றதும் கம்பிவேலி, காவல் கோபுரம், தூரத்தில் சில புள்ளிகள் என்று நினைத்துப் போகிறவர்கள் அங்கே திகைத்துப்போவார்கள். அரசாங்கம் 1994-இல் அறிவித்தது. பறவைகளுக்கு அந்த ஊர் அதற்கு எவ்வளவோ முந்தியே சொந்தம். குளத்தில் மட்டுமா இருக்கிறது? ஊருக்குள், வீட்டு முற்றத்து வேம்பில், தெருமுனைப் புளியில், கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கூடு கட்டும். கீழே கோலம், மேலே கூடு. எச்சம் விழுந்த குளத்து வண்டலை வயலுக்கு அள்ளிப் போடுவார்கள். அதற்குமேல் உரம் வேண்டாம் என்பார்கள். மார்கழி வாக்கில் வரித்தலை வாத்துகள் வந்துவிடும். இமயமலையைத் தாண்டி வருகிற பறவை, வந்து இறங்குகிற இடம் மணிமுத்தாற்றுத் தண்ணீர் பாய்கிற ஒரு நாங்குநேரிப் பக்கத்துக் குளம்! எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது பொருந்தி வந்ததே இல்லை.

420 எம்எம் என்பது பறவை எடுக்கிறவர்களுக்குப் பெரிய நீளம் அல்ல. வாத்து வேண்டும் என்றால் வரப்பில் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே நகர்ந்து, பனி வேட்டியில் ஏறி, அப்புறமும் காத்திருக்க வேண்டும். நாரைக் குஞ்சு வேண்டும் என்றால் யார் வீட்டு முற்றத்திலாவது போய் நிற்க வேண்டும். அப்படி நிற்கப் போய்க் கிடைத்தவர்தான் ஆச்சி.

பெயர் வேண்டாம். ஊருக்கே ஆச்சிதான். முற்றத்து வேப்பமரத்தில் கூடு பதினைந்துக்குக் குறையாது. முதல் நாள் லென்ஸைத் தூக்கிக் குறி பார்த்ததும் உள்ளேயிருந்து குரல் வந்தது: "ஏய்யா, யாருய்யா அது? அது என்ன துப்பாக்கியா?" போட்டோ பெட்டி என்று சொன்னபின் அருகில் வந்து பார்த்தார். நான் ஒரு படம் எடுத்தேன். சடக். "இந்தச் சத்தம் ஆகாதுய்யா. மெல்ல எடுக்க முடியாதா?" முடியாது ஆச்சி என்றேன். "அப்பம் கொஞ்சமா எடு." அதிலிருந்து அந்த முற்றத்தில் நான் விரலை அழுத்திப் பிடித்ததில்லை. ஒன்று. பிறகு நிறுத்தி, ஆச்சி முகத்தைப் பார்த்து, இன்னொன்று. வினாடிக்கு ஒன்பது எடுக்கிற பாடியை வைத்துக்கொண்டு கால் மணிக்கு மூன்று எடுத்திருக்கிறேன். அவையே நல்ல படங்கள். காப்பி வரும், கருப்பட்டிக் காப்பி. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சொன்று கூடைக்குள் இருக்கும். அதற்கு மீன் நறுக்கிப் போட்டபடியே என் கல்யாண ஆர்டர்களைப் பற்றி விசாரிப்பார்.

தோள்பட்டையில் நரம்பு பிசகி, டாக்டர் "ஒரு கிலோவுக்கு மேல் கழுத்தில் மாட்டாதீர்கள்" என்று சொன்னதும், ஸ்டூடியோவை மூடியதும், சென்னைக்கு மகள் வீட்டோடு வந்ததும் எல்லார் வீட்டிலும் நடக்கிற கதை. விரிவாக எழுத அதில் ஒன்றுமில்லை. டி3-ஐயும் லென்ஸையும் தொழில் பழகிக்கொண்டிருந்த ஒரு பையனுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். பை காலியாக இருந்தது. ரயிலில் அதைத் தலைக்கு வைத்துக்கொண்டேன்.

மகள் வாங்கித் தந்தது பி900. அதுவும் நிக்கான்தான், 2015-இல் வந்தது. 899 கிராம், டாக்டர் சொன்ன கணக்குக்குள் அடங்கிவிட்டது. 24 எம்எம்மிலிருந்து 2,000 எம்எம் வரை, 83 மடங்கு. முறையாகக் கேட்டால் என் பழைய லென்ஸ் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை. பெரும்பாக்கத்தில் எங்கள் வீடு பதினோராவது மாடி. பால்கனியிலிருந்து பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் தெரியும். தூரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. பட்டனை அழுத்தினால் மோட்டார் முனகும், குழல் நீளும், கோடு பூநாரைகளாகப் பிரியும். இன்னும் அழுத்தினால் ஒரு பூநாரையின் மஞ்சள் கண். நிலாவை எடுக்கத் தனி மோடு. டைக்கோ பள்ளத்திலிருந்து கிளம்புகிற கோடுகள்வரை தெரியும். பேரன் கைதட்டுகிறான். நானும் முதல் மாதம் தட்டினேன். குறை சொல்ல மனசு கூசுகிறது. அன்பாக வாங்கித் தந்த பொருள்.

ஆனாலும் நமக்குள்ளே சொல்லிக்கொள்ளலாம். அதன் சென்சார் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. டி3-இன் பரப்பில் முப்பதில் ஒரு பங்குதான் வரும். முழு நீளத்துக்கு நீட்டினால் எஃப் 6.5. வெயில் இருந்தால் சரி. விடியற்காலையில் இறகு இறகாகத் தெரிய வேண்டியதெல்லாம் குழைந்து ஈரப் பெயின்ட் ஆகிவிடும். ரா ஃபைலும் கிடையாது; அது தருகிற ஜேபெக்கை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். வெயில் ஏறிய பிறகோ சதுப்பின் மேல் கானல் நடுங்க ஆரம்பித்துவிடும். இடையில் கிடக்கிற அத்தனை காற்றையும் சேர்த்தே 2,000 எம்எம் இழுத்துக்கொண்டு வருகிறது. பறவை கிளம்புகிறது என்று விரலை வைத்தால் ஏழு படம் சரசரவென்று எடுத்துவிட்டு, கார்டில் எழுதி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொள்ளும். அதற்குள் பறவை சோழிங்கநல்லூர் போய்விடும்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான். கண் வைக்கிற இடம்தான் பொறுக்கவில்லை. இதில் வியூஃபைண்டர் என்பது உள்ளே இருக்கிற ஒரு குட்டி டிவி. நாரையிலிருந்து கிளம்பிய வெளிச்சம் சென்சாரோடு நின்றுவிடுகிறது. என் கண்ணுக்கு வருவது அதைப் பார்த்து எழுதிய செய்தி. டி3-இல் கண்ணை வைத்தால் வட்ட ரப்பர் கன்னத்தில் சில்லென்று படும். அதற்கப்பால் பட்டகம், கண்ணாடி, லென்ஸ், பனி, நாரை. நடுவில் யாரும் இல்லை. அப்புறம் விரலை அழுத்தும்போது அந்த இருட்டு. கண்ணாடி எழும்புவதால் படம் பதிகிற அதே கணத்தில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இமைக்கிற நேரத்தைவிடக் குறைவுதான். யோசித்துப் பார்த்தால், என் நல்ல படங்களில் ஒன்றைக்கூட அது நடந்த கணத்தில் நான் பார்த்ததில்லை. அதற்கு முந்தியதைப் பார்த்தேன், பிந்தியதைப் பார்த்தேன். நடுவில் இருப்பதை நம்பினேன். அந்தச் சின்ன இருட்டுக்குள் போய் வருகிற ருசி... தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

பழைய ஹார்டு டிஸ்க்கை எப்போதாவது திறக்கிறேன். ஒரு மார்கழிப் படங்கள் எல்லாவற்றிலும் வானத்தில் ஒரே இடத்தில் ஒரு சாம்பல் புள்ளி. சென்சாரில் ஒட்டிய புழுதி. கூந்தன்குளம் சாலைப் புழுதியாகத்தான் இருக்கும். வரப்பில் உட்கார்ந்தபடியே கன்வர்ட்டர் மாற்றினால் அப்படித்தான். அந்தக் காலத்தில் ஒவ்வொரு படத்திலும் சலித்துக்கொண்டே அழித்தேன். அழிக்காமல் விட்டுப்போன படங்களைத்தான் இப்போது தேடித் திறக்கிறேன்.

அதே டிஸ்க்கில் இன்னொன்றும் கிடைத்தது. டி3-இல் வீடியோ கிடையாதே தவிர, குரல் குறிப்புக்கு ஒரு மைக் உண்டு. படத்தோடு சேர்த்து ஒரு நிமிஷம்வரை பேசி வைக்கலாம். கல்யாணத்தில் யார் தாய்மாமன், யார் சித்தப்பா என்று சொல்லி வைத்துக்கொள்ளத்தான் பயன்படுத்துவேன், ஆல்பம் போடும்போது குழப்பம் வராது. ஒரு நாரைப் படத்தோடு அப்படி ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. என் குரல்: "மூணு குஞ்சு, தெற்குக் கிளை, போன வாரம் ரெண்டு." பின்னால், தள்ளி, ஆச்சி: "ஏய்யா, காப்பி ஆறுது." அவ்வளவுதான். பி900 முழு ஹெச்டியில் வீடியோ எடுக்கும், ஸ்டீரியோ ஒலியோடு. பதினோராவது மாடியில் பதிவது காற்றும் லிஃப்ட் மணியும். ஆச்சி போய்விட்டார் என்று பிறகு தெரிந்தது. வேம்பு நிற்கிறதாம்.

2022-இல் கூந்தன்குளத்தை ராம்சர் பட்டியலில் சேர்த்ததாக அறிவித்தார்கள். அதே வருஷம் பள்ளிக்கரணையையும். ஆக, இரண்டுக்கும் இப்போது ஒரே மதிப்பு. பால்கனியில் நாற்காலி போட்டு, மடியில் காப்பியோடு, எழுந்திருக்காமலே பூநாரையின் கண்ணைப் பார்த்துவிட முடிகிறது. என்னை யாரும் துப்பாக்கியா என்று கேட்பதில்லை. மெல்ல எடு என்று சொல்லவும் ஆளில்லை. அந்தப் பூநாரைக்கு நான் இருப்பதே தெரியாது.

போன வாரம் அந்தப் பையன் போன் செய்தான். "அண்ணாச்சி, டி3-ல ஷட்டர் பாதியிலயே நிக்குது. எர்ருன்னு வருது." மூன்று லட்சம் தடவைக்குச் சோதித்த ஷட்டர்; பிரஸ்காரர் கையிலும் என் கையிலும் இவன் கையிலும் அதற்குமேல் ஓடியிருக்கும். "மெக்கானிக் வேற ஒரு பழைய பாடியில இருந்து எடுத்துத்தான் போடணும்னு சொல்லுதாரு. அந்தக் காசுக்கு ஒரு மிரர்லெஸ்ஸுக்கு அட்வான்ஸ் கட்டிரலாம். என்ன செய்யட்டும்?"

தொழில் பார்க்கிற பையன். கண்ணாடி இல்லாத கேமரா அவ்வளவு சத்தம் போடாது, தாலி கட்டும்போது ஐயர் நிமிரமாட்டார். "மிரர்லெஸ்ஸே வாங்கிக்கோ" என்றேன். "பழசை யாருக்கும் கொடுத்துராத. மெக்கானிக்குக்கு நான் பணம் போடுதேன். சரியானதும் பார்சல் போட்டு விடு."

"உங்களால தூக்க முடியாதே அண்ணாச்சி."

"பேட்டரி ரெண்டையும் வையி. சார்ஜரை மறந்துராத."