கடுகெண்ணெயும் கந்தகமும்

கொல்கத்தாவிற்கு வந்த புதிதில் விடுதிச் சமையற்கட்டைக் கடக்கும்போதெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொள்வேன். நல்லெண்ணெயில் வளர்ந்தவனுக்குக் கடுகெண்ணெய் காயும் நெடி எப்படியிருக்கும் என்று நம் சங்க நண்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த நெடியே ஒருநாள் என் ஆராய்ச்சிப் பொருளாகும் என்று அப்போது யார் கண்டார்கள்!

கடுகின் காரத்துக்குக் காரணம் அல்லைல் ஐசோதயோசயனேட் என்னும் பொருள். அதில் கந்தகம் உண்டு. மீன் பொரித்து மிஞ்சிய எண்ணெயை உயிரி டீசலாக்கி, அதில் கந்தகம் எவ்வளவு என்று அளப்பதே முதுகலை இறுதியாண்டில் எனக்கு வாய்த்த வேலை. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் நடப்பிலுள்ள பாரத் நிலை 6 விதிப்படி, டீசலில் கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் கந்தகம் கூடாது. வண்டிப்புகையைத் தூய்மை செய்யும் வினையூக்கியை அது கெடுத்துவிடுமாம்.

அளக்கும் முறை அழகானது. சில மைக்ரோலிட்டர் டீசலை ஊசியால் செலுத்தி, ஏறத்தாழ ஆயிரம் பாகை வெப்பத்தில் ஆக்சிஜனில் எரிக்கிறோம். கந்தகம் டையாக்சைடாகி ஒரு சிறு கலத்துக்குள் வருகிறது. அங்கே காத்திருக்கும் அயோடினைத் தின்றுவிடுகிறது. குறைந்த அயோடினை மின்வாய் உடனே மீண்டும் உண்டாக்குகிறது. அதற்குச் செலவான மின்னூட்டமே நமக்குக் கணக்கு: ஒரு மைக்ரோகிராம் கந்தகத்துக்கு ஏறத்தாழ 6 மில்லிகூலும். 1830களில் ஃபாரடே வகுத்த விதி இன்றும் கூலி வாங்காமல் உழைக்கிறது!

என் டீசலுக்கு 8 என்று வந்தது. துள்ளிக் குதித்தேன். அன்றிரவே அப்பாவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். மறுநாள் எங்கள் கூடத்து மூத்த மாணவர் ஒருவர், தாதா என்றுதான் அழைப்போம், மெல்லக் கேட்டார்: "தம்பி, தெரிந்த அளவு கந்தகமுள்ள கரைசலை எப்போது போட்டுப் பார்த்தாய்?"

மாதத் தொடக்கத்தில் பார்த்தது. இப்போது போட்டேன். நூறு பங்கு வர வேண்டிய இடத்தில் 62தான் வந்தது. அவசரத்தில் ஆக்சிஜனை அதிகம் திறந்துவிட்டிருந்தேன். அதனால் கந்தகத்தில் ஒரு பகுதி ட்ரையாக்சைடாகிவிட்டது. அது அயோடினைத் தொடாது. கணக்கைத் திருத்தினால் 8 அல்ல, 13!

கருத்தரங்கத்துக்கு இரண்டே நாள். தாதாவைத் தவிர எவருக்கும் தெரியாது, அவரும் சொல்லப்போவதில்லை. அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதை மறைப்பானேன்?

காலையில் பேராசிரியரிடம் குறிப்பேட்டை நீட்டினேன். அவர் சினக்கவில்லை. "எத்தனை முறை கழுவினாய்?" என்றார். பழைய எண்ணெயிலுள்ள கொழுப்பமிலங்களை மாற்ற முதலில் கந்தக அமிலம் சேர்க்கிறோம். பிறகு அதை நீரால் கழுவி நீக்க வேண்டும். நான் இரண்டு முறையோடு நிறுத்தியிருந்தேன். வீட்டில் அரிசியைக்கூட மூன்று முறை கழுவுவார்கள்! வெட்கத்தோடு போய் மேலும் ஐந்து முறை கழுவினேன். 11 ஆயிற்று.

கருத்தரங்கில் 8, 13, 11 மூன்றையும் கரும்பலகையில் எழுதினேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மிச்சமுள்ள கந்தகம் கடுகினுடையதா, என் கையினுடையதா என்று பேராசிரியர் கேட்டதற்கு விடை சொல்ல முடியவில்லை. புதுக் கடுகெண்ணெயிலும் சூரியகாந்தி எண்ணெயிலும் தனித்தனியே டீசல் செய்து வைத்திருக்கிறேன். வரும் செவ்வாயன்று, கரைசலை முதலில் போட்டுப் பார்த்துவிட்டு, இரண்டையும் எரிக்க வேண்டும்.