கம்பளம் விரித்த ஏரி

கென்யாவுக்குப் போகிறவர்கள் சிங்கத்தையும் யானையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவது வழக்கம். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். மேற்கே கிசுமு நகரம் வரையில் போய் வாருங்கள். மொம்பாஸாவிலிருந்து போட்ட ரயில் பாதை 1901-ல் வந்து முடிந்த இடம் அது. விக்டோரியா ஏரியின் ஒரு கை, வினாம் வளைகுடா என்ற பெயரில், அதுவரை நீண்டு கிடக்கிறது.

ஏரி என்றதும் நம் ஊர் ஏரியை நினைத்துக்கொள்ளாதீர்கள்! தமிழ்நாட்டில் பாதியை உள்ளே போட்டாலும் இன்னும் இடம் மிச்சமிருக்கும். ஆனால் கிசுமுவின் படகுத்துறையில் நின்று பார்த்தால் சில நாட்களில் சொட்டுத் தண்ணீர்கூடக் கண்ணில் படாது. பச்சைக் கம்பளம், அதன்மேல் ஊதாப் பூக்கள். நடந்தே அக்கரை போகலாம் போலிருக்கும். காலை வைத்துவிடாதீர்கள், அடியில் ஆழத் தண்ணீர்!

நமக்குத் தெரிந்த ஆகாயத்தாமரைதான். தென் அமெரிக்காவில் பிறந்த செடி. பூ அழகாயிருக்கிறதென்று யாரோ ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். ருவாண்டாவிலிருந்து வரும் ககேரா நதி அதை இந்த ஏரியில் சேர்த்தது. 1989-ஐ ஒட்டித்தான் முதலில் கண்ணில் பட்டது. வசதியான இடம் கிடைத்தால் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும் செடி. 1998-ல் வினாம் வளைகுடாவில் மட்டும் 15,000 ஹெக்டேருக்கு மேல் பரவிவிட்டது!

கரையோரத்து லுவோ மீனவர்களின் பாட்டைக் கேளுங்கள். காலையில் திறந்த தண்ணீரில் படகு விடுவார்கள். காற்று திசை மாறினால் போதும். திரும்பி வருவதற்குள் கரை அடைத்துக்கிடக்கும். துடுப்பும் போகாது, வலையும் சிக்கும். அந்த வெயிலில் மீன் காத்திருக்குமா? கரையில் மீன் வாங்கிச் சந்தையில் விற்கும் பெண்கள் வெறுங்கூடையோடு நிற்பார்கள். அன்று அவர்கள் வீட்டு அடுப்பு எரிவது சந்தேகம்தான்.

உகாண்டா 1995-லும் கென்யா 1997-லும் ஒரு சிறு வண்டைக் கொண்டுவந்து விட்டன. அரிசியளவுதான் இருக்கும், ஆகாயத்தாமரையைத் தவிர வேறு பயிரைச் சீண்டாது. மீனவக் கிராமத்தார் அதைத் தொட்டிகளில் வளர்த்து ஏரியில் விட்டார்கள். வண்டு தின்றது, பெருமழையும் அலையும் துணை செய்தன. 2000-க்குள் கம்பளம் பெரிதும் சுருண்டுவிட்டது. அப்பாடா என்று மூச்சு விட்டார்கள். 2007-ல் மறுபடியும் விரிந்தது!

சேற்றுக்குள் விதை வருஷக்கணக்கில் உறங்கும் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. கரும்பு வயலில் போட்ட உரத்தையும், மலைச்சரிவில் அரித்த மண்ணையும் நியாண்டோ முதலிய ஆறுகள் கொண்டுவந்து கொட்டுகின்றன. ஊர்ச் சாக்கடையும் கலக்கிறது. அத்தனையும் தழைச்சத்து, மணிச்சத்து! இப்படி இலை போட்டுப் பரிமாறினால் விருந்தாளி வராமலிருப்பானா? செடியை அழித்தாலும் சத்து தண்ணீரிலேயே தங்கிவிடுகிறது. அழுகிய தழை தண்ணீரின் பிராணவாயுவைக் குடித்துவிட, மீன் மூச்சுத் திணறுகிறது. ஆகாயத்தாமரை இல்லாத இடத்தில் பாசி பிடித்துப் பச்சைக் குழம்பாகிறது. வண்டுக்குப் பாசி தின்னத் தெரியாது.

காய்ந்த தண்டில் நாற்காலியும் கூடையும் பின்னி விற்கிறார்கள். அழகாகவே இருக்கின்றன, ஒன்று வாங்கி வாருங்கள். ஆனால் கூடை பின்னி ஏரியைக் காலி செய்ய முடியுமென்று நான் நம்பவில்லை. ஏரிக்கரைக் கடையில் முழு மீனைப் பொரித்து, உகாலி என்ற மக்காச்சோளக் களியுடன் தருவார்கள். கையால்தான் சாப்பிட வேண்டும். நமக்கென்ன சிரமம்?